கண் பேசியதைச் சொன்னவர் யார்?



ஆங்கில மரபுத்தொடர்களில் காதல் பார்வை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை ஆராயக் கூடியிருக்கிறோம். கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். ஒவ்வொரு தொடரின் பொருளையும் காலத்தையும் நன்றாகவே விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தொடரை வாய்விட்டுச் சொல்பவர் யார் என்ற கேள்வி எவரிடமும் அழுத்தமாக எழவில்லை. அதை இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

'ஷீப்ஸ் ஐஸ்' என்பது பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் தொடர். ஏக்கம் பொங்க ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கும் அசட்டுப் பார்வைக்கு அந்தப் பெயர். இருபதாம் நூற்றாண்டில் பரவிய 'கிளாட் ஐ', 'கம் ஹிதர் லுக்' இரண்டும் வலிய அழைக்கும் பார்வையைச் சுட்டுபவை. இவற்றில் எதையும் காதலிப்பவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அரிது. பார்த்தவரும் பேசவில்லை, பார்க்கப்பட்டவரும் பேசவில்லை. அருகிலிருந்து கவனித்த மூன்றாமவர் பேசுகிறார். அகத்திணை படித்தவர்கள் இதை, காதலரைப் பற்றி ஊரார் பேசும் அலர் என்று உடனே இனம் கண்டுகொள்வார்கள். அலர் வெறும் செய்தி சொல்வதில்லை, தீர்ப்பும் சொல்கிறது.

இதை ஜேன் ஆஸ்டின் அளவுக்குத் துல்லியமாகக் கண்டவர் வேறு ஒருவரை நான் அறியேன். 1811இல் வெளிவந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் மரியான் என்ற இளம்பெண் மலைச்சரிவில் ஓடிவந்து கால் பிசகி விழுகிறாள். வில்லபி என்ற இளைஞன் அவளைத் தூக்கிவந்து வீட்டில் சேர்க்கிறான். அவனைப் பற்றி அவள் ஆர்வத்தோடு விசாரிக்கிறாள். இனி அவனுக்குத்தான் நீ 'செட்டிங் யுவர் கேப்' என்று கேலி செய்கிறார் உறவினர் சர் ஜான். ஒருவனைக் கணவனாக்கிக்கொள்ள ஒரு பெண் வலைவீசுகிறாள் என்பது அந்தத் தொடரின் குறிப்பு. மரியான் சீறிவிடுகிறாள். அந்தத் தொடரே தனக்கு அருவருப்பு, அது பண்பற்ற பேச்சு என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். சர் ஜானுக்கு அந்தக் கண்டனம் சரியாக விளங்கவில்லை. விளங்கியவர்போல் வாய்விட்டுச் சிரிக்கிறார். பேசப்பட்ட பெண்ணே எழுந்து அந்தப் பேச்சை மறுக்கும் இந்தக் காட்சியை நம் ஆய்வின் மையத்தில் வைக்க வேண்டும் என்பது என் துணிபு. அவள் மறுத்தது தன் ஈர்ப்பை அல்ல. அதற்குப் பிறர் சூட்டிய பெயரை.

ஆணின் பார்வைக்குக் கிடைத்த மதிப்பு வேறு. 1711இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் எழுத்தாளர் அடிசன் ஒரு வேடிக்கைக் கடிதம் வெளியிட்டார். கண்வீச்சுக் கலையை முறையாகக் கற்பிப்பதாகவும், தேவாலயத்துக்கு ஒன்று, நாடக அரங்குக்கு ஒன்று எனத் தனித்தனிப் பாடம் வைத்திருப்பதாகவும் அதில் ஒருவர் விளம்பரம் செய்துகொள்கிறார். நையாண்டிதான், ஆனாலும் அங்கே பார்வை ஒரு தேர்ச்சி. மரியானின் ஆர்வமோ சூழ்ச்சி என்று பெயர் பெறுகிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறிக்காமல் தொடருக்குப் பொருள் மட்டும் எழுதும் அகராதி பாதி வேலையைத்தான் செய்கிறது.

சொல்பவரைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று: 'ஒத்தெல்லோ' நாடகத்தில் நெஞ்சைச் சட்டைக் கையில் அணிவதைப் பற்றிப் பேசுபவன் இயாகோ. தன்மையில்தான் பேசுகிறான், ஆனால் அப்படி உள்ளத்தைக் காட்டினால் காக்கைகள் கொத்திவிடும் என்பதே அவன் எண்ணம். இன்று அன்பை ஒளிக்காதவரைக் குறிக்கும் தொடர், உள்ளத்தை ஒளிப்பவன் வாயில் பிறந்தது. இதுவும் சொல்பவரைப் பார்த்தால்தான் தெரியவரும்.

நம் மாணவர்கள் இத்தொடர்களைத் திரைப்படங்களிலும் கைப்பேசியிலும் கேட்டு, தயக்கமின்றி எடுத்தாள்கிறார்கள். எந்தத் தொடர் ஒருவரைப் புண்படுத்தும் என்று அவர்களுக்குச் சொல்லித்தரும் நூல்கள் குறைவு. ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒன்று வேண்டுகிறேன்: ஒரு தொடருக்குச் சான்று காட்டும்போது, சொன்னவர் யார், யாரைப் பற்றிச் சொன்னார், அது அவர் காதுபடச் சொன்னதா என்ற மூன்றையும் உடன் குறித்துத் தாருங்கள். அந்தக் குறிப்புகளைத் தொகுத்து ஆசிரியர்களுக்கான கையேடாக வெளியிட அமைப்பாளர்கள் முன்வர வேண்டும்.