தீர்ப்பில் எழுதாத ஒறுப்பு



கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்ததைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். செக்கைப் பேசும் அளவிற்கு அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரை எவரும் பேசுவதில்லை.

1908 சூலை 7-இல் திருநெல்வேலி வழக்குமன்றம் சிதம்பரனார்க்கு இரட்டை வாழ்நாள் ஒறுப்பு விதித்தது. மேன்முறையீட்டில் அது பின்னர்க் குறைந்தது. ஆயினும், தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் அறிவு திரிந்தார். அவரை எந்த மேன்முறையீடு மீட்கும்? ஒட்டப்பிடாரத்தார்க்குக் கோவையே நெடுந்தொலைவு. எனினும் இங்கே வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார், பிற்காலத்தே பெரியபுராணத்திற்குப் பேருரை கண்டவர், சிறைப்பட்டவர்க்கு வெளியிலிருந்து கைகொடுத்தார். கொங்கு நாடு நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க செய்தி அது!

1910 திசம்பர் 1-இல் சிதம்பரனாரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். மேற்குமலைக்கு அப்பால், கடலோரத்தே, மலையாளம் வழங்கும் ஊர். ஒறுப்பில் ஒருநாளும் கூடவில்லை, தொலைவு கூடிற்று. 1912 திசம்பர் 24-இல் விடுதலையாகும்வரை அங்கேயே இருந்தார்.

அது வெள்ளையன் ஆட்சி. இன்றோ? பொள்ளாச்சிப் பக்கத்துக் கூலித்தாய் ஒருத்தியின் மகன் பாளையங்கோட்டைச் சிறையில் இருப்பதாகக் கொள்வோம். இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து, இருநாட் கூலி இழந்து, கம்பிவலைக்கு இப்பால் நின்று சிறிது நேரம் பேசித் திரும்புவாள். அடுத்த மாதம் செல்லக் கையில் காசிராது. மகன் குற்றவாளியே ஆயினும், அத் தாயை ஒறுக்க எந்த நடுவர் தீர்ப்பெழுதினார்?

சிறையாளரைக் கூடுமானவரை அவர்தம் வீட்டிற்கு அண்மையிலுள்ள சிறையில் வைத்தல் வேண்டும் என்பது, உலக நாடுகளின் மன்றம் 2015-இல் ஏற்ற மண்டேலா நெறிமுறைகளுள் 59-ஆவது. அது நெறியேயன்றி நாடுகளைக் கட்டும் சட்டம் அன்று. நம் நாட்டுச் சட்டத்தில் வழி உண்டு. ஒரே மாநிலத்திற்குள் எனின், 1900-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்துறைத் தலைவரே மாற்ற ஆணையிடலாம். வேறு மாநிலத்தில் ஒறுப்புப் பெற்றுக் கிடக்கும் தமிழனை இங்குக் கொணர, 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு மாநில அரசுகளும் இசைதல் வேண்டும். காலம் இழுபடுவது இங்கேதான். ஓர் அரசின் ஓலைக்கு மற்றோர் அரசு மறுமொழி எழுதுவதற்குள் கிழத்தாய் மாய்ந்துபோதலும் உண்டு. வழக்கு முடியாதவர்க்கோ, வழக்கு நடக்கும் மன்றத்தையே அணுகல் வேண்டும்.

தமிழ்நாட்டுச் சிறைக்கு எழுதும் முறையீட்டைத் தமிழிலேயே எழுதுக. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழே இங்கு ஆட்சிமொழி. ஆங்கிலம் அறிந்தவனைத் தேடி அலைந்து காசிழத்தல் வேண்டா. சிறையாளரின் பெயரும் எண்ணும், தீர்ப்பின் நாளும், வீட்டிற்கும் சிறைக்கும் இடைப்பட்ட தொலைவும், ஒருமுறை சென்றுவர ஆகும் செலவும் தெளிவுற எழுதுக. பெற்றோர் நோயுற்றிருப்பின் மருத்துவச் சான்றை இணைக்க. படியொன்றை வைத்துக்கொண்டு ஒப்புகை கேட்டுப் பெறுக.

எழுதவறியாத் தாய்மார்க்கு இதனை எழுதிக்கொடுக்க, ஊர்தோறும் நம் மன்ற இளைஞர் இருவரேனும் முன்வருவாராக!