மெஷின் மலிவு, ஸ்ட்ரிப் என்ன விலை?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தால் நாம் சும்மா போவதில்லை. சம்பளத் துண்டில் புதிதாக ஒரு பிடித்தம் விழுந்தால் அன்றைக்கே ஆபிஸ் வாசலில் நிற்கிறோம். ஆனால் டவுனில் பாமசியில் கொடுக்கிற பில்லை மட்டும் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். இன்றைக்கு அந்தப் பில்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

இப்போது நம் லயங்களில் சீனி பார்க்கிற மெஷின் இருக்கிறது. இழுப்பு வருகிற பிள்ளைகளுக்கு நெபுலைசர் இருக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கிற மகன் வாங்கி அனுப்பியது, வெளிநாட்டுக்குப் போன மகள் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் மெஷின் ஒரு தடவைச் செலவு. ஸ்ட்ரிப் ஓயாத செலவு. ஒரு சோதனைக்கு ஒரு ஸ்ட்ரிப், பிறகு அது குப்பை. ஒரு கம்பெனி மெஷினுக்கு இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் பொருந்தாது. மெஷினை மலிவாகக் கொடுப்பதன் சூட்சுமமே அதுதான்.

2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்திலும் ஒரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்க இரண்டு மூன்று பேர் போய்விட்டது. அதனால் டாக்டர் தினமும் பார்க்கச் சொன்னதை வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். இன்சுலின் போடுகிறவர்கூட குத்துமதிப்பாக ஊசி போடுகிறார். இது உயிரோடு விளையாடுகிற விளையாட்டு.

நம் டிவிசனில் ஒரு தாய் நெபுலைசர் மாஸ்க் வாங்கப் போனார். பில்லில் ஆங்கிலத்தில் 'அக்சசரீஸ்' என்று ஒரே சொல், பக்கத்தில் ஒரு தொகை. மறுநாள் நாங்கள் கூடப் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது: மாஸ்க், டியூப், மருந்துக் கோப்பை, பில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைக்கு வேண்டியது மாஸ்க் மட்டும். வாதாடித்தான் மீதிக் காசை வாங்கினோம்.

எல்லாம் ஒரே நேரத்தில் பழுதாவதில்லை. டியூப் வெடித்தால், இறுகிப்போனால் மாற்றுங்கள். பில்டர் நிறம் மாறினால் மாற்றுங்கள். விறகடுப்புப் புகையில் அது சீக்கிரம் கறுக்கும். மாஸ்க் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக இருக்க வேண்டும், அதில் சிக்கனம் வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பா மூடியை உடனே மூடுங்கள். நம் பக்கத்து மூடுபனி ஈரம் பட்டால் மெஷின் பிழையான கணக்குக் காட்டும். திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும்.

மெஷின் வாங்குமுன் ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள். பெட்டியில் 25 இருக்கிறதா 50 இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்து தரும். காரண்டி என்று சொன்னால், அது மெஷினுக்கு மட்டுமா, மாஸ்க்குக்கும் டியூப்புக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள்.

பில் கேட்பது கடைக்காரரிடம் தயவு கேட்பதல்ல. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரத்தான் வேண்டும். பெட்டியில் குறித்த விலைக்கு மேல் விற்பதும் குற்றம். அதிகாரசபையின் இலக்கம் 1977. பில் கையில் இல்லாமல் அங்கே முறையிட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

விலைக்கு எல்லை போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்சுக்கு 2018 இல் நம் நாட்டிலேயே உச்ச விலை நிர்ணயித்தார்கள். இந்தியாவில் 2021 இல் சீனி மெஷின், நெபுலைசர் உட்பட 5 கருவிகளுக்கு வியாபார இலாபத்தைக் கட்டுப்படுத்தினார்கள். நாம் கேட்பது ஸ்ட்ரிப்புக்கும் மாஸ்க்குக்கும் அப்படி ஓர் எல்லை. அதோடு தோட்ட டிஸ்பென்சரியில் சீனி பார்க்கும் வசதியும் ஒரு நெபுலைசரும் எப்போதும் இருக்க வேண்டும். துரையிடம் இதை எழுத்தில் கொடுக்கிறோம்.

அதற்கு நமக்குக் கணக்கு வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய பில்களை ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசித்துச் சொல்கிறோம். வெறும் ஸ்ட்ரிப் பெட்டி இருந்தாலும் எறிய வேண்டாம், விலை அதில்தான் அடித்திருக்கும்.