கலை எதற்கு?



"கூலியைப் பற்றிப் பேசும் மேடையில் கலை எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் செய்தார். பழைய கதையில், தில்லையைத் தரிசிக்க நந்தனார் தீயில் இறங்க வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்ட சிறுவன் கிந்தனுக்கோ படிப்பின்மேல் ஆசை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்தான். டிக்கெட் கொடுக்கும்போது நாங்கள் சாதி கேட்பதில்லை. ரயில்வே குமாஸ்தா சொல்கிறேன்!

காலட்சேபம் பழையது, கேள்வி புதிது. இன்றைய நிலை மாறக்கூடியது என்று மனிதனுக்குக் காட்டுவதே கலையின் வேலை. அந்த நம்பிக்கை இல்லாதவன் கூலி உயர்வும் கேட்கமாட்டான்.

கொல்லயில் தோழர்களே! கோயில் கொடையில் கேட்கும் அதே வில்லுப்பாட்டில், நம் கூலிக் கதையையும் பள்ளிக்கூடக் கதையையும் நம் பிள்ளைகள் பாடட்டும். தமிழும் நிலைக்கும், துணிவும் வரும்.