ஓய்வுக்கு முன்னே ஒரு காப்பு



தென்காசி வட்டாரத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மருத்துவக் காப்பீடு எடுத்தீர்களா என்று கேட்டால், "சர்க்கரை இருக்குன்னு எழுதினா எவன் அண்ணாச்சி பாலிசி கொடுப்பான்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். "இல்லைன்னு எழுதிரும், நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லும் ஏஜெண்டும் உண்டு. அந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும். பணம் நின்றுபோகும், பாலிசியே ரத்தாகலாம்.

உண்மையை எழுதினால்? சில கம்பெனிகள் மறுக்கும். சில பிரிமியத்தைக் கூட்டும். ஒன்று மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். ஏற்றுக்கொண்டபின், முன்பே உள்ள நோய்க்காகக் காக்க வைக்கும் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. முன்பு அது 48 மாதம். ஆகவே 58 வயதில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெறுபவரோ, குற்றாலத்துக் கடையை மகனிடம் ஒப்படைக்கப் போகிறவரோ 55-லேயே சேர்ந்துவிட வேண்டும். நடுவில் பிரிமியம் கட்டாமல் பாலிசி காலாவதியானால் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். (கடைக்காரர்கள் சாரல் சீசன் வருமானத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள், ஐப்பசி வரை கையில் நிற்காது.)

குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். அதற்குப் பிரிமியம் கிடையாது, பழைய நோய் என்று தள்ளுவதும் கிடையாது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் அட்டையோடு ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.