மஞ்சள் தோட்டா சொல்லும் பாடம்

(பழைய மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



தொழில் நெறி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தோட்டாக் கம்பெனியின் கதை. "கல்லூரி விழாவில் தோட்டாவா?" என்று முகம் சுளிக்காதீர்கள். இதில் பௌதிகமும் இருக்கிறது, மனிதாபிமானமும் இருக்கிறது.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து அனோகா ஊரில், 1922-ல் சார்லஸ் ஹார்ன் என்பவர் நடத்தத் தொடங்கிய ஃபெடரல் கம்பெனி அது. வேட்டைத் துப்பாக்கிக்கான ரவைத் தோட்டாதான் சரக்கு. முடிதிருத்தும் கடை, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வைத்து விற்றார்கள். அப்படின்னா யார் கையில் வேண்டுமானாலும் போகும் சரக்கு. ஆபத்தும் அங்கேதான்.

ஒரு பவுண்டு ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 போர் குழலின் அளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுத்துவிடும். அதனால் 20 போர் தோட்டா, 12 போரைவிட ஒல்லி. அதைத் தவறிப்போய் 12 போர் துப்பாக்கியில் போட்டால், உள்ளே வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் காலியாகத் தெரியும். "அட, போட மறந்துட்டோமே!" என்று இன்னொன்றைப் போட்டு விசையை இழுத்தால், குழல் வெடித்துக் கை போய்விடும்.

இதற்கு ஃபெடரல் கண்ட மருந்து என்ன தெரியுமா? 1960-களில் 20 போர் தோட்டாவுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! மற்ற அமெரிக்கக் கம்பெனிகளும் அதையே பின்பற்றின. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வார்.

ஆனால் சுடுபவரைக் காப்பாற்றினால் போதுமா? ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள் இருக்கும். பறவைமேல் படுவது சில. மிச்சமெல்லாம் சதுப்பு நிலத்துச் சேற்றில் விழும். நம்ம வீட்டுக் கோழி பொடிக்கல் விழுங்குவதில்லையா? அதுபோல வாத்துகள் அந்த ரவையைக் கல் என்று விழுங்கின. அரைவைப்பையில் ஈயம் தேய்ந்து, இரத்தத்தில் கலந்து, நஞ்சாகிக் கொன்றது. அந்த வாத்துகளைத் தின்ற கழுகுகளும் மடிந்தன. 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று அமெரிக்கா முழுவதும் தடை வந்தது.

எஃகு ரவைக்கு மாறினார்கள். அதுவும் லேசான காரியமில்லை. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8தான். சீக்கிரம் வேகம் குறையும். ஆகவே ரவையைப் பெரிதாக்கினார்கள். குழலைக் கீறாமலிருக்க, தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்தார்கள். 2024-ல் செக் நாட்டுக் குழுமம் ஒன்றின் கைக்கு மாறிய பிறகும், அனோகாவில்தான் தொழிற்சாலை இருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் மருந்து செய்யலாம், பொம்மை செய்யலாம், பாலம் கட்டலாம். பில் போட்டதோடு நம்ம பொறுப்பு தீர்ந்துவிடாது. வாங்குபவர் எங்கே தவறுவார் என்று முன்கூட்டியே யோசியுங்கள். வாங்காத வாத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.