வீட்டில் கைத்துப்பாக்கி: வாங்குவதற்கு முன்

(சென்ற மாதம் கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் கேமரா, கிரில் கேட் என்று ஆரம்பித்த பேச்சு துப்பாக்கி லைசென்ஸ் வரை வந்துவிட்டது. மூன்று பேர் என்னிடம் தனியாகவே கேட்டார்கள். நான் ஒரு காலத்தில் ரிவால்வர் வைத்திருந்தவன் என்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. "கொஞ்ச நேரம் பேசுங்க சார்" என்று செயலாளரும் சொல்லிவிட்டார்.

என் அப்பா ரைஸ் மில் வைத்திருந்தார். அறுவடைக் காலத்தில் ராத்திரி ரொக்கத்தோடு வீடு திரும்புவார் என்பதற்காக .32 ரிவால்வர் ஒன்றுக்கு லைசென்ஸ் எடுத்திருந்தார். 2009-இல் அவர் காலமான பிறகு பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் அது இருந்தது. வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன்: துப்பாக்கி லைசென்ஸ் ஜாயின்ட் அக்கவுண்ட் இல்லை. 'ஐதர் ஆர் சர்வைவர்' கிடையாது, நாமினேஷனும் கிடையாது. லைசென்ஸ் யார் பெயரிலோ அவர் மட்டும்தான் கையாளலாம். அவர் போய்விட்டால் வீட்டில் வைத்திருப்பதே தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். பிறகு வாரிசு என்ற முறையில் விண்ணப்பித்து என் பெயரில் லைசென்ஸ் வாங்கி அதை மீட்டேன். அப்பா ஞாபகம் என்ற ஆசைதான். வேறு தேவை ஒன்றும் இருக்கவில்லை.

இனி, எதை வாங்குவது என்ற கேள்வி. போலீஸும் ராணுவமும் பயன்படுத்தும் 9 எம்எம் போன்றவை நமக்குக் கிடையாது. பெரும்பாலோர் வாங்குவது .32. 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான். எடை அரை கிலோ, விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். எடை குறைந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஒரே தோட்டாவைச் சுட்டாலும் எடை குறைந்த துப்பாக்கி கையை அதிகமாக உதைக்கும். நம் வயதில் விரல் மூட்டு வலி வேறு. ரிவால்வரின் விசையை முழுக்க இழுக்க விரலில் நல்ல பலம் வேண்டும். வாங்கும் முன் ரைபிள் கிளப் ஒன்றுக்குப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பயிற்சிச் சான்று கேட்கின்றன.

பிஸ்டலா ரிவால்வரா என்றால், புதியவருக்கு ரிவால்வர் என்றுதான் சொல்வேன். ரிவால்வரைத் திறந்தால் ஆறு துளையும் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு 'காலி' என்று நினைப்பார்கள். குழலுக்குப் பின்னால் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கும். மேகசினை எடுத்த பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொல்கிறேனே, என் கதையைக் கேளுங்கள். 2013, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது வேறொரு அடுக்குமாடியில் இருந்தோம். ரிவால்வரைத் துடைக்க எடுத்து, தோட்டாக்களை எண்ணி வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து, எல்லாம் எடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில் விசையை இழுத்தேன். கேஷ் கவுண்டரில் பணம் எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் கட்டை முதலிலிருந்து எண்ணுவோம். முப்பது வருஷப் பழக்கம் அது. அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை.

குண்டு இரும்பு பீரோ கதவைத் துளைத்து உள்ளே புடவை அடுக்கில் நின்றது. அந்த பீரோவுக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெண் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு அவள் அப்பா ஓடி வந்தார். கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டேன்.

துப்பாக்கி கற்றுக்கொடுக்கும் எல்லோரும் சொல்வது இதுதான்: எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினை, சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதும் நாலாவதும்தான் சிக்கல். தனி வீட்டுக்காரருக்குத் தோட்டத்துப் பக்கம் என்று ஒரு திசையாவது இருக்கும். நமக்கு மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், இரண்டு பக்கமும் சுவர் தாண்டி ஆள், முன்னால் லிஃப்டுக்குக் காத்திருப்பவர், ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் விளையாடும் இடம். வங்கியில் தீயணைக்க வைத்திருக்கும் சிவப்பு மணல் வாளி ஞாபகம் இருக்கிறதா? அதுபோல, இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நிறைய மணலை இறுக்கி வைத்து, தோட்டா போடுவதும் எடுப்பதும் குழலை அதற்குள் நீட்டித்தான் செய்ய வேண்டும். துடைக்கும் முன் தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். போனை அணைத்துவிடுங்கள். துப்பாக்கி கைதவறினால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். பிடிக்கிற விரல் விசையில்தான் படும்.

வைக்கும் இடம், சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டி. தோட்டா தனிப் பெட்டியில், தனிச் சாவியில். 'தலையணைக்குக் கீழே இல்லாவிட்டால் திருடன் வரும்போது எப்படி எடுப்பது?' என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்துத் தெருவில் திருடு போனது பூட்டியிருந்த வீட்டில். அங்கே துப்பாக்கி இருந்திருந்தால் நகையோடு அதுவும் போயிருக்கும். கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் முதலில் குடைவது தாத்தாவின் அலமாரியைத்தான். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நம் வளாகத்துக்குக் கேமராவும் நல்ல பூட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

கூட்டம் முடிந்ததும் சி பிளாக் நண்பர் கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஏற்கெனவே லைசென்ஸும் துப்பாக்கியும் இருக்கின்றன. ஆறு மாதம் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிறார். வங்கி லாக்கரில் வைக்கலாமா என்றார். கூடாது சார். லாக்கர் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், ஆயுதம் வைக்கக் கூடாது என்று இருக்கும். போலீஸ் ஸ்டேஷனிலோ, பாதுகாப்பில் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து, துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எப்போது காலாவதியாகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது தேதி முடிந்தால் இங்கே புதுப்பிக்க ஆள் இருக்காது.