கூண்டு ஏறியிருக்கிறதா, பாருங்கள்!

(நோயாளிக்குப் பெரிதும் துணை நிற்பது நம்பிக்கையா? விழிப்பா? என்ற பட்டிமன்றத்தில், ‘விழிப்பே’ அணியின் பேச்சு)



எதிரணி அம்மா அழகாச் சொன்னாங்க: “டாக்டரை நம்பினா பாதி நோய் போயிடும்.” வாஸ்தவம். ஆனா அம்மா, இதைப் பாம்பனில் வந்து சொல்லலாமா? இந்த ஊர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏத்தியிருக்கும்போது, “எனக்குக் கடல் மேல நம்பிக்கை இருக்கு”ன்னு யாராவது படகை எடுப்பாங்களா? (சிரிப்பு)

மருத்துவத்திலும் ஒரு கூண்டு உண்டு. ஓர் ஆராய்ச்சி பொய் என்று தெரிந்தால், அதை வெளியிட்ட பத்திரிகையே ‘வாபஸ்’ என்று அறிவிக்கும். அதுதான் கூண்டு.

நார்வே நாட்டில் ஒரு பல் டாக்டர், யோன் சுட்போ. புகை பிடிப்பவர்கள் சில வலி மாத்திரைகளைச் சாப்பிட்டால் வாய்ப் புற்றுநோய் குறைகிறது, 908 பேரைப் பார்த்தேன் என்று 2005-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். கணக்கைப் புரட்டினால், 250 பேருக்கு ஒரே பிறந்த தேதி! நம்ம வாத்தியார்தான் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் மாசமே போடுவார். (பலத்த சிரிப்பு) அத்தனையும் கற்பனை. 2006-இல் வாபஸ்.

அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர் ஸ்காட் ரூபன். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு எந்த மாத்திரை வலியைக் குறைக்கும் என்று எழுதியவர். 2009-இல் பார்த்தால், 21 கட்டுரைகளில் பொய்க் கணக்கு! மறு வருஷம் சிறைத் தண்டனை. ஆனால் வாபஸ் ஆன பிறகும் பல வருஷம் அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் ஆதாரம் காட்டினார்கள். கூண்டு ஏறிவிட்டது, படகுக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை!

“அதெல்லாம் வெளிநாடு”ன்னு எதிரணி சொல்லும். நம் நாட்டுக்கு வருவோம். ‘ஏ.எஸ்.ஆர்.’ என்று ஓர் இடுப்பு மூட்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிபியூ கம்பெனி செய்தது. உலோகமும் உலோகமும் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்றியவர் விவரத்தை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதனால் குறை முன்னாலேயே தெரிந்து, 2009-இல் அங்கே நிறுத்தினார்கள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்க வாபஸ்.

இந்தியாவில் நடந்தது சுமார் 4,700 ஆபரேஷன். 2017-இல் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. தேடினால், பெரும்பாலான நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை!

நடுவர் அவர்களே, இந்தக் கரையில் மீன்துறை டோக்கன் வாங்கித்தான் விசைப்படகு கடலுக்குப் போகிறது. எத்தனை போச்சு, எத்தனை திரும்புச்சு, கணக்கு இருக்கு. மனுஷன் இடுப்புக்குள்ளே போன மூட்டுக்குக் கணக்கு இல்லையே! (கைதட்டல்)

தாய்மார்களே, வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றினாலோ, பல் பதித்தாலோ, கம்பெனிப் பெயர், மாடல், வரிசை எண் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்க. ரேஷன் கார்டோடு பத்திரமா வையுங்க. வலி வந்தால் அதைக் காட்டி டாக்டரைக் கேளுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

டாக்டரை நம்பாதே என்று நான் சொல்லவில்லை. இந்தப் பொய்களைப் பிடித்ததும் மருத்துவ உலகம்தான். கண்ணை மூடி நம்பியவர்கள் அல்ல, விழித்திருந்தவர்கள்! கூண்டைப் பார்த்துவிட்டுக் கடலை நம்புகிறவனே கரை திரும்புவான். எனவே விழிப்பே துணை என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள். (கைதட்டல்)